மங்கலாய் எரிந்தால் நல்ல சகுனம்

"எல்இடி எரியவில்லை" என்று யாராவது வந்து நின்றால், அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்படி எரியவில்லை?" என்பதுதான். எரியவில்லை என்றால் எரியவில்லை, அதில் என்ன எப்படி என்று தோன்றும். ஆனால் துளிக்கூட ஒளி இல்லாமல் கிடக்கிறதா, இருட்டில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறமாதிரி மங்கலாக எரிகிறதா, பளிச்சென்று ஒரு கணம் எரிந்து அத்தோடு ஓய்ந்துவிட்டதா, அணையவே மாட்டேன் என்கிறதா, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மினுக்குகிறதா என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பழுது பார்ப்பதில் பாதி வேலை இந்த வித்தியாசத்தைக் கவனிப்பது. மீதி, கவனித்ததை வைத்து அடுத்து எதை அளப்பது என்று முடிவு செய்வது.

இந்த அத்தியாயம் முழுக்க ஆர்டுயினோ ஊனோ போர்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், எலக்ட்ரானிக்ஸ் பின்னணி இல்லாத வடிவமைப்பு மாணவர்களும் புழங்கட்டும் என்று 2005இல் தொடங்கிய முயற்சி ஆர்டுயினோ. ஊனோ வந்தது 2010இல். அதில் இருக்கும் சில்லு ஏடிமெகா328பி. 5 வோல்ட்டில், நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் ஓடுகிறது. அதன் ஒரு பின்னிலிருந்து ரெசிஸ்டர், அங்கிருந்து எல்இடி, அங்கிருந்து கிரவுண்ட். கூடவே பத்து வரி நிரல். முதல் புராஜெக்ட் இவ்வளவுதான்.

இது எரியாதபோது பெரும்பாலும் எல்லாரும் முதலில் நிரலைத்தான் திறக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: நிரலில் தப்பு என்றால் அது மூளை சம்பந்தப்பட்ட தப்பு, ஒயர் கழன்றது என்றால் வெறும் அஜாக்கிரதை. முதலாவதை ஒப்புக்கொள்வது கௌரவமாக இருக்கிறது. ஆனால் வண்டி கிளம்பவில்லை என்று தள்ளிக்கொண்டு போனால், அனுபவமுள்ள மெக்கானிக் எஞ்சினில் கை வைப்பதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். நாமும் கேபிள், ஒயர், கிரவுண்ட் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நிரலுக்குப் போக வேண்டும்.

அதற்கு நல்ல வழி சங்கிலியை நடுவில் வெட்டுவது. கணினி, கேபிள், போர்டு, நிரல் ஒரு பக்கம். பிரெட்போர்டு, ரெசிஸ்டர், எல்இடி மறுபக்கம். எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு, வெறும் போர்டில் பிளிங்க் என்ற மாதிரி நிரலை ஏற்றுங்கள். ஊனோவில் 13ஆம் பின்னோடு இணைந்த ஒரு குட்டி எல்இடி போர்டிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. அது சிமிட்டினால் முதல் பாதி முழுக்கச் சந்தேகத்திலிருந்து விடுபடுகிறது. இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. கடையில் வாங்கும் போர்டுகள் பலவற்றில் பிளிங்க் நிரல் ஏற்கெனவே ஏற்றப்பட்டே வரும். நீங்கள் ஏற்றியது ஏறாமலே போயிருக்கலாம், பழையது சிமிட்டிக்கொண்டிருக்கும். அதனால் 1000 மில்லி நொடி என்றிருப்பதை 100 ஆக்கி ஏற்றுங்கள். சிமிட்டல் படபடவென்று மாறினால்தான் உங்கள் நிரல் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

ஏறவே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. சார்ஜ் போடுவதற்கென்றே வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் பின்னது இரண்டும் இருக்காது. போர்டில் பவர் விளக்கு ஜோராக எரியும், கணினிக்கோ அப்படி ஒரு போர்டு இருப்பதே தெரியாது. கேபிள் சரி, போர்ட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்தாயிற்று, இருந்தும் "நாட் இன் சிங்க்" என்று திரும்பத் திரும்பத் திட்டுகிறது என்றால், 0, 1 ஆகிய பின்களில் ஏதாவது செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கணினியிலிருந்து நிரல் வந்து இறங்கும் பாதையே அந்த இரண்டு பின்கள்தான். அங்கே எல்இடி மாட்டிவைத்தால் அது பேச்சின் நடுவே குறுக்கிடலாம்.

இனி மறுபக்கம். அதற்கு முன் எல்இடி என்ற பொருளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பழைய குண்டு பல்பு மாதிரி இது சூடாகி ஒளிர்வதில்லை. இரு வகைக் குறைகடத்திகள் சேரும் இடத்தில் எலக்ட்ரான் ஒன்று உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு விழுகிறது. விழும்போது இழக்கும் ஆற்றல் ஒளியாகிறது. விழும் உயரம் எவ்வளவோ அதற்கேற்ற நிறம். சிவப்புக்கு உயரம் குறைவு, நீலத்துக்கு அதிகம். ஆகவே சிவப்பு எல்இடி எரிய 1.8 முதல் 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோனியாக் செய்து காட்டியது 1962இல். பளிச்சென்ற நீலம் சந்தைக்கு வர 1990கள் ஆயின. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இந்த வோல்ட் கணக்கு வெறும் வரலாறு அல்ல, மேசைமேல் வந்து நிற்கும் விஷயம். ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் சிவப்பையும் நீலத்தையும் அருகருகே இணையாக மாட்டினால் சிவப்பு மட்டும் எரியும், நீலம் செத்ததுபோல் கிடக்கும். நீலத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து அலுத்துப்போவார்கள். உண்மையில் அதில் எந்தக் கோளாறும் இல்லை. சிவப்பு எரியத் தொடங்கியதும் இரண்டுக்கும் பொதுவான முனையின் மின்னழுத்தம் 2 வோல்ட் பக்கத்தில் நின்றுவிடுகிறது, நீலத்துக்குத் தேவையான 3 வோல்ட் வரவே வராது. சிவப்பைக் கழற்றினால் நீலம் உடனே எரியும். அதேபோல் இரண்டு நீலத்தைத் தொடராக மாட்டி 5 வோல்ட் கொடுத்தாலும் பலன் இல்லை. அவற்றுக்கு 6 வோல்ட் வேண்டும்.

ரெசிஸ்டர் எதற்கு என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. எரியத் தொடங்கும் மின்னழுத்தத்தைத் தாண்டிவிட்டால், கொஞ்சம் வோல்ட் ஏறினாலும் மின்னோட்டம் கிடுகிடுவென்று பல மடங்கு ஏறிவிடும். அதற்குக் கடிவாளம்தான் ரெசிஸ்டர். சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் 5இல் மீதி 3. அதை 220 ஓமால் வகுத்தால் சுமார் 13.6 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பது நல்லது, 40 என்பது எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக்கூடாத எல்லை. ரெசிஸ்டர் இல்லாமல் 5 வோல்ட்டில் நேராக மாட்டிய எல்இடிதான் ஒரு கணம் பளிச்சிட்டுச் சாகிறது. "பட்டன் பேட்டரியில் ரெசிஸ்டரே இல்லாமல் எரிகிறதே" என்று சிலர் மடக்குவார்கள். அந்தப் பேட்டரியின் உள்தடையே ரெசிஸ்டரின் வேலையைப் பார்க்கிறது. ஊனோவின் 5 வோல்ட் முனையிடம் அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது.

இப்போது தலைப்புக்கு வருவோம். 13ஐ விட்டுவிட்டு 8ஆம் பின்னில் எல்இடி மாட்டியிருக்கிறீர்கள். நிரல் ஏறிவிட்டது. எல்இடி எரிகிறது, ஆனால் கையைக் குவித்து நிழல் செய்தால்தான் தெரிகிறது. பலர் இதைப் பார்த்ததும் எல்இடி மட்டம் என்று தூக்கிப் போடுகிறார்கள். எரியாமல் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். மங்கலாகவாவது எரிகிறது என்றால் மின்சாரம் பின்னிலிருந்து கிளம்பி கிரவுண்ட் வரை போய்ச் சேர்கிறது. ஒயர் எதுவும் அறுந்துபோகவில்லை, எல்இடியின் திசை சரி, அது உயிரோடும் இருக்கிறது. ஒரே பார்வையில் இத்தனை பேரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

மிச்சம் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர். ஒன்று, நிரலில் விட்டுப்போன ஒரு வரி. ஊனோவின் பின்கள் தொடக்கத்தில் உள்ளீடாக, அதாவது கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில்தான் இருக்கும். "பின்மோடு" என்ற கட்டளையால் "இது அவுட்புட்" என்று நாம் அறிவிக்க வேண்டும். அதை மறந்துவிட்டு "டிஜிட்டல்ரைட்" கொடுத்து ஹை என்று எழுதினால் சில்லு அதைப் புறக்கணிப்பதில்லை. உள்ளீட்டு நிலையில் இருக்கும் பின்னுக்கு ஹை என்று சொன்னால், அந்தப் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே சில்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு தடையைச் சேர்த்துவிடு என்று பொருள். அந்தத் தடை 20 முதல் 50 கிலோ ஓம். அதன் வழியே கசிந்து வருவது 0.1 மில்லி ஆம்பியர் அளவுதான். இன்றைய எல்இடிகள் அதற்கே லேசாக ஒளிரும்.

இரண்டாவது ஆள் ரெசிஸ்டர். 220 ஓமின் நிறப் பட்டைகள் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. 22 கிலோ ஓமுக்குச் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவது பெரிய பாடு. உடம்பு நீல நிறமாக இருக்கும் ரெசிஸ்டர்களில் இன்னும் மோசம். நூறு மடங்கு தடை, நூறில் ஒரு பங்கு மின்னோட்டம், அதே மங்கல்.

இருவரில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை போர்டின் கிரவுண்டில், சிவப்பு முனை 8ஆம் பின்னில். 5 வோல்ட் காட்டினால் பின் தன் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கிறது, அடுத்துள்ள ரெசிஸ்டர்தான் மறிக்கிறது. 1.7, 1.8 என்று காட்டினால் பின்னிலேயே பலம் இல்லை. சில்லுக்குள் இருக்கும் தடை மீதி 3 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிட்டது, ஆகவே விட்டுப்போனது அந்த ஒரு வரி. நிரலை வரி வரியாகப் படிக்காமலே அதில் உள்ள தப்பைக் கண்டுபிடிக்கும் இந்த அளவீட்டில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அளப்பதற்கு முன் சிமிட்டலை நிறுத்தி, எப்போதும் ஹையிலேயே இருக்கும்படி நிரலை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மீட்டரில் எண்கள் துள்ளிக்கொண்டே இருக்கும்.

துளியும் எரியாத எல்இடிக்கும் இதே மீட்டர்தான் வைத்தியர். இரு முனையையும் எல்இடியின் இரண்டு கால்களில் வையுங்கள். 2 வோல்ட்டோ நீலத்தில் 3 வோல்ட்டோ காட்டினால் அதன் வழியே மின்சாரம் போகிறது, எரிந்தே ஆக வேண்டும். (ரிமோட்டில் வரும் அகச்சிவப்பு எல்இடியை எடுத்து மாட்டிவிட்டு எரியவில்லை என்று தவிப்பதும் உண்டு. அது 1.2 வோல்ட் அளவு காட்டும். செல்போன் கேமரா வழியாகப் பார்த்தால் ஊதா நிறத்தில் ஒளிர்வது பெரும்பாலும் தெரியும்.) 5 வோல்ட் முழுசாகக் காட்டினால், ரெசிஸ்டரில் வோல்ட் எதுவும் விழவில்லை என்று அர்த்தம். ஓம் விதிப்படி மின்னோட்டம் இருந்தால் ரெசிஸ்டரில் கட்டாயம் விழ வேண்டும். விழாததால் மின்னோட்டம் இல்லை, பாதை எல்இடியில்தான் அடைபட்டிருக்கிறது. ஒன்று அது தலைகீழாக இருக்கிறது, அல்லது கருகிவிட்டது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாதாரண எல்இடிகள் பின்னோக்கி 5 வோல்ட் வரை தாங்கும், பயம் வேண்டாம். நீளக் கால் நேர்முனை. காலை வெட்டிவிட்டிருந்தால் பிளாஸ்டிக் விளிம்பில் தட்டையாகச் சீவிய பக்கம் எதிர்முனை.

சுழியம் காட்டினால் இன்னொரு அளவு எடுக்க வேண்டும். கறுப்பு முனையை போர்டின் கிரவுண்டுக்கு மாற்றிவிட்டு எல்இடியின் காலொன்றாக அளந்து பாருங்கள். இரண்டு காலிலும் கணிசமான வோல்ட் இருந்தால் மின்சாரம் வந்து நிற்கிறது, திரும்பிப் போக வழியில்லை. கிரவுண்ட் ஒயரைத் தேடுங்கள். இரண்டிலும் எதுவும் இல்லை என்றால் எல்இடி வரை வந்து சேரவே இல்லை, அல்லது இரண்டு கால்களும் பிரெட்போர்டின் ஒரே வரிசையில் செருகப்பட்டிருக்கின்றன.

பிரெட்போர்டு புதியவர்களைப் படுத்தும் பாடு தனி. குறுக்கே ஐந்து ஐந்து துளைகளாக உள்ளே உலோகக் கவ்வியால் இணைந்திருக்கும். நடுவில் ஓடும் பள்ளம் இரு பக்கத்தையும் பிரிக்கும். ஓரங்களில் நீளவாக்கில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும். நீளமான போர்டுகள் சிலவற்றில் இந்தக் கோடு நடுவில் ஒருதரம் அறுந்து மறுபடி தொடங்கும். அச்சிட்ட கோடு அறுந்திருந்தால் உள்ளே உலோகமும் அறுந்திருக்கிறது. மேல் பாதியில் கிரவுண்ட் கொடுத்துவிட்டு கீழ்ப் பாதியில் எல்இடி மாட்டினால் எரியாது. தடித்த காலுள்ள பாகங்களைச் செருகி இளகிப்போன துளைகளும் உண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அறுந்த ஜம்பர் ஒயர்களும் உண்டு. மீட்டரைப் பீப் ஒலி தரும் நிலையில் வைத்து, ஒயரை ஆட்டிக்கொண்டே சோதியுங்கள். ஆட்டும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் அந்த ஒயர் உதவாது.

மீட்டரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சிவப்பு முனையை ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போகாதீர்கள். அந்த நிலையில் மீட்டர் வெறும் கம்பிக்குச் சமம், 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் நேரே முடிச்சுப் போட்டதாகிவிடும்.

வயரிங் முழுக்கச் சரி என்று மீட்டர் சான்று கொடுத்த பிறகு நிரலுக்கு வரலாம். இங்கேயும் நடக்கும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும். மெல்ல மெல்ல ஒளி ஏறி இறங்க வேண்டிய எல்இடி, பாதி நேரம் அணைந்தும் பாதி நேரம் முழுசாக எரிந்தும் இருந்தால், ஒளியைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் "அனலாக்ரைட்" கட்டளை வேலை செய்யாத பின்னில் மாட்டியிருக்கிறீர்கள். ஊனோவில் அந்த வசதி 3, 5, 6, 9, 10, 11 ஆகிய ஆறு பின்களுக்கு மட்டும். மற்றவற்றில், கட்டளையில் கொடுக்கும் எண் 128க்குக் கீழே என்றால் அணைப்பு, அதற்கு மேல் என்றால் முழு எரிப்பு. பட்டனை அழுத்தாமலே எல்இடி மினுக்கினால், அதிலும் கை அருகில் போகும்போது மினுக்கினால், பட்டன் பின் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் அலை உங்கள் உடம்பு வழியாக அதை ஆட்டிவைக்கிறது. பின்மோடு கட்டளையில் "இன்புட் புல்அப்" என்று எழுதினால் சரியாகும். மேலே நம்மை ஏமாற்றிய அதே உள்தடை இங்கே உதவிக்கு வருகிறது. பட்டனின் மறுமுனை கிரவுண்டில் இருக்கட்டும். அழுத்தினால் லோ, விட்டால் ஹை என்று கணக்கு தலைகீழாவதை மறக்க வேண்டாம். ஒருமுறை அழுத்தினால் சிலநேரம் எரிகிறது, சிலநேரம் இல்லை என்றால் பட்டனுக்குள் உலோகத் தகடு சில மில்லி நொடிகள் துள்ளுகிறது, சில்லு அதைப் பல அழுத்தல்களாக எண்ணிக்கொள்கிறது.

இன்னொரு வேடிக்கையான கோளாறு. நிமிடத்துக்கு ஒருமுறை எரிய வேண்டும் என்று டிலே கட்டளைக்குள் 60*1000 என்று எழுதுகிறீர்கள். ஒருமுறை எரிந்தபின் எல்லாம் உறைந்துவிடுகிறது. ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான், அதிகபட்சம் 32,767. பெருக்கி வரும் 60,000 அதில் அடங்காமல் வழிந்து −5,536 ஆகிறது. டிலேவுக்கு எதிர்ம எண் என்றால் என்னவென்று தெரியாது. அதை 4,29,49,61,760 மில்லி நொடி என்று படித்துவிட்டு, 49 நாட்களுக்கு மேல் காத்திருக்கத் தயாராகிறது. வயரிங்கை எத்தனை முறை பிரித்துப் போட்டாலும் இது தீராது. 60000 என்று நேராக எழுதினால் தீரும். கம்பைலர் பெரிய எண்ணைக் கண்டதும் அகலமான இடத்தைத் தானே ஒதுக்கிவிடும்.

ஒற்றை எல்இடியில் கை தேறியவர்கள் அடுத்து வாங்குவது டபிள்யூஎஸ்2812 வகை வண்ணப் பட்டை. ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு குட்டிச் சில்லு, தகவல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகும். பட்டையில் அம்புக்குறி காட்டும் திசையில்தான் போகும். வால் பக்கம் ஒயர் கொடுத்தால் எதுவும் எரியாது. நடுவில் ஒன்றிலிருந்து வரிசையாக எல்லாம் இருண்டிருந்தால், இருண்டதில் முதலாவதையோ அதற்கு முந்தியதையோ பாருங்கள். முழு வெள்ளையில் ஒன்று 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 30 எல்இடி என்றால் 1.8 ஆம்பியர். கணினியின் சாதாரண யூஎஸ்பி தருவதோ அரை ஆம்பியர். மின்னழுத்தம் சரிந்து போர்டு மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும், நிரல் "தானாக ரீசெட் ஆகிறது" என்று தோன்றும். தனி பவர் சப்ளை கொடுத்தால் அதன் கிரவுண்டையும் ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். நீளப் பட்டையில் வெள்ளை நிறம் வால் பக்கம் போகப் போக மஞ்சளாகிச் சிவந்தால் அது நிரல் குற்றம் இல்லை. தகட்டின் தடையால் வோல்ட் குறைகிறது, அதிக வோல்ட் கேட்கும் நீலம் முதலில் களைக்கிறது. வால் பக்கத்திலும் 5 வோல்ட் ஒயர் ஒன்று கொடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒயரை மாற்றி, பின்னை மாற்றி, நிரலையும் திருத்திவிட்டு எரிந்தால், எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். நாளைக்கு அதே கோளாறு திரும்ப வரும். இரண்டாவது போர்டு வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அப்புறம், கருகிய எல்இடியையும் அறுந்த ஒயரையும் மறுபடி அதே டப்பாவில் போடாதீர்கள். காலை வளைத்து, ஒயரை இரண்டாக வெட்டி, மின்கழிவோடு சேர்த்து அன்றைக்கே வெளியேற்றிவிடுங்கள்.